சாயங்காலத்து அடக்கம்

எனக்கு அடக்கம் வந்தது 2002ஆம் வருஷத்து மழைக்காலத்தில். முதலில் இடது கண் இமையில் வந்தது.

அதற்கு முன் அது என்னிடம் இருந்ததில்லை. ராசிபுரத்தில் தறிக்கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிப் பிழைத்த சரசாவின் மகள் நான். அப்பா நான் பால்வாடிக்குப் போகும்போதே செத்துப்போனார். எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஏற்றிவிட்டது பாதி என் மார்க், பாதி என் வாய். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தபோது, "நாளைக்கு வா" என்ற குமாஸ்தாவிடம், "நாளைக்கு வந்தா சீட்டுல இருப்பீங்களா, இல்ல இன்னைக்கு மாதிரி டீக்கடையில வந்து தேடணுங்களா?" என்று கேட்டேன். சான்றிதழ் அன்றைக்கே கைக்கு வந்தது. பஸ் ஏறி வீடு வரும்வரை அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அதையே தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

படித்து முடித்ததும் புனேயில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தாய்மாமா சின்னதுரை ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். சாங்வியில் இருந்த அவர் வீட்டில்தான் தங்கினேன். மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதனாலேயே மற்றவர்கள் கல்யாணத்தில் அவருக்கு அக்கறை அதிகம்.

இமை தொங்கியதை முதலில் தூக்கமின்மை என்று நினைத்தேன். பிறகு மாலையானால் எதிரே வரும் ஒரு லாரி எனக்கு மட்டும் இரண்டு லாரியாக வந்தது. மத்தியானத்துக்கு மேல் பேச்சு மூக்கு வழியாக வர ஆரம்பித்தது. மீட்டிங்கில் என் முதல் வாக்கியம் கோபமாக இருக்கும், மூன்றாவது குழறும், ஐந்தாவதில், நான் குடித்திருக்கிறேன் என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுவார். சிரித்தால் உதட்டின் ஓரங்கள் மேலே போகாது. பல்லைக் காட்டிச் சீறுவது போல இருக்கும். ஆபீசில் யாருக்கும் இதில் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வருஷ அப்ரைசலில் என் மேனேஜர் முதன்முறையாக என்னைப் பாராட்டினார். "ரொம்ப மாறிட்டே. ஆர்க்யுமெண்ட் எல்லாம் குறைஞ்சுபோச்சு. கீப் இட் அப்." பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தாடை வரவில்லை. அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். பொது டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்து, "வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். மாமா வெளியே வந்ததும், "இந்த டாக்டர்தான் புள்ள கெட்டிக்காரரு" என்றார்.

நான்காவதாகப் போனது நரம்பு டாக்டர் ஆப்டேயிடம். குட்டையான மராத்திக்கார அம்மாள். ரப்பர் கையுறையின் ஒரு விரலில் ஐஸ் துண்டுகளைப் போட்டு முடிந்து, என் மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு, தன் மகனின் பத்தாம் வகுப்பு டியூஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எடுத்ததும் இமை மேலே போய் நின்றது, கடையைத் திறந்த ஷட்டர் மாதிரி.

"ஐஸ் வச்சாலே சரியாப்போகுதா? அட, இத வீட்டுலயே பண்ணிக்கலாமே!" என்றார் மாமா. கொஞ்ச நேரத்தில் ஷட்டர் இறங்கியது.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு கட்டளை போடுகிறது, தசைக்குப் போய்ச் சேருவதில்லை, உடம்பின் காவல்காரர்களே வழியில் நின்று மறிக்கிறார்கள் என்று ஆப்டே சொன்னார். நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்ற சுரப்பி பெரிதாக உட்கார்ந்திருந்தது. அந்தக் காவல்காரர்களின் பள்ளிக்கூடம் அதுதானாம். குழந்தையில் பெரிதாக இருக்கும், பெரியவளானால் தானாகச் சுருங்கிவிடும். என்னுடையது சுருங்காமல், தப்பான பாடத்தை இன்னும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் வயதுக்கு வந்ததும் சத்தத்தைச் சுருக்கு, நடையைச் சுருக்கு, சிரிப்பைச் சுருக்கு என்று ஊரே சொன்னது. சுருக்க வேண்டிய ஒன்றே ஒன்றை யாரும் சொல்லவில்லை.

"மாத்திரை தருகிறேன். சில மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தச் சுரப்பியை எடுத்துவிடு" என்றார் ஆப்டே. "எடுத்த மறுநாளே குணமாகாது. மாதங்கள் ஆகும், வருஷங்களும் ஆகலாம். சிலருக்கு நோய் முழுசாகப் போகும், சிலருக்குப் பாதி. ஒன்றுமே ஆகாதவர்களும் உண்டு. உன் வயதில் சீக்கிரம் செய்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தள்ளிப்போடாதே. இது மூச்சுத் தசைக்கு வந்தால் விளையாட்டில்லை."

நான் உடனே சரி என்றேன். ஆஸ்பத்திரியில், வீட்டிலிருந்து பெற்றோரோ கணவரோ கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. சம்பாதிக்கிறேன், ஓட்டுப் போடுகிறேன், வருமான வரி கட்டுகிறேன். என் நெஞ்சைத் திறக்க மட்டும் என் கையெழுத்து போதாது.

அம்மா ராசிபுரத்திலிருந்து ரயிலேறி வந்தாள். அவளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அறுவை டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் தன் நெஞ்சில் விரலை வைத்து, கழுத்துக் குழியிலிருந்து கீழே கோடு இழுத்துக் காட்டினார். எலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, சுரப்பியை எடுத்து, கம்பி போட்டு மூடுவோம் என்றார்.

மாமா நாற்காலி நுனிக்கு வந்தார். "டாக்டர் சாப், பீச்சே ஸே நஹி ஹோ சக்தா?"

பின்பக்கமாக முடியாதா என்று. "பின்னால் முதுகெலும்பு இருக்கிறது" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

மாமா என் பக்கம் திரும்பினார். "எங்க கம்பெனியில எந்த மெஷினா இருந்தாலும் பின்னாடி பேனலைத்தான் கழட்டுவோம். முன்னாடி கீறல் உழுந்தா எவன் வாங்குவான்?"

அம்மா என் கையைச் சுரண்டினாள். "மேல ரவிக்கைக்கு வெளிய தெரியுமான்னு கேளு."

எத்தனை நாள் செயற்கை சுவாசத்தில் இருக்க வேண்டிவரும் என்று நான் கேட்டேன். அவர் நீளமாக விளக்கினார்.

"என்னங்கறாரு?"

"தெரியுங்கறாரு."

அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஆட்டோவில் வரும்போதே இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். முதலில் கல்யாணம், அப்புறம் ஆபரேஷன். "கழுத்துல தாலி ஏறிட்டா அந்த வூட்டுல பாத்துக்குவாங்க கண்ணு. அப்பறம் நெஞ்சுல என்ன கோடு இருந்தா யாருக்கு என்ன?" என்றாள் அம்மா. ரிப்பேரைச் சொல்லாமல் வண்டியை விற்கிற திட்டம். வாங்கினவன் கையெழுத்துப் போட்டுப் பழுதுபார்த்துக்கொள்ள வேண்டியது.

"அதுக்குள்ள எனக்கு மூச்சு நின்னா?"

"அபசகுனமாப் பேசாத புள்ள" என்றாள். அத்தோடு என் நோயின் அபாயம் தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளையை மாமா ஏற்கனவே சட்டைப்பையில் வைத்திருந்தார். கிர்க்கியில் முப்பது வருஷமாக இருக்கும் சேலத்துப் பக்கத்துக் குடும்பம். அருணாச்சலம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ரிடையரானவர். மனைவி பங்கஜம். ஒரே பையன் ஹரீஷ், பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

நேரத்தைக் குறித்தது பஞ்சாங்கம் இல்லை, என் மாத்திரை. போட்ட அரைமணியில் இமை ஏறும், பேச்சு தெளியும், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நான் நானாக இருப்பேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் என்னைக் காட்டி, காபி கொடுத்து, அனுப்பிவிட வேண்டும். வாழ்க்கையில் தறிக்கூடத்துச் சங்கைத் தவிர வேறு நேரம் பார்க்காத அம்மா, சுவர்க் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரோடு என் வாயில் மாத்திரையைப் போட்டாள்.

அவர்கள் வரவில்லை. கிர்க்கியிலிருந்து சாங்விக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததாம், இந்தியா ஜெயிக்கும்போல இருந்ததாம். ஒருவழியாக ஆட்டோ வந்து நின்றபோது மாமா ஜன்னலிலிருந்து, "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்றார். பிறகு, "ஏன் யாரும் மேல வரல?" என்றார்.

ராகுகாலம் ஆரம்பித்திருந்தது. நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு ராகுகாலத்தில் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று பங்கஜம் கீழேயே நின்றுவிட்டார். மேட்ச்சுக்கு விட்டுக்கொடுத்தவர் ராகுவுக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மாமா பிளாஸ்டிக் நாற்காலிகளை பார்க்கிங்கில் இறக்கிப் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ராகு போவதற்காகக் காத்திருந்தார்கள்.

மேலே என் இமை இறங்க ஆரம்பித்தது.

"அய்யய்யோ, இன்னொண்ணு போட்டுக்க புள்ள."

"நேரத்துக்கு முந்திப் போட்டா வயித்தால போகும். பஜ்ஜித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடறேன், பரவால்லையா?"

அம்மா மாத்திரை டப்பாவை மூடினாள். உண்மையில் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வரட்டும். தொங்குகிற கண்ணையும் குழறுகிற வாயையும் நன்றாகப் பார்க்கட்டும். பயந்து ஓடட்டும். ஓடினால் கல்யாணம் நிற்கும், கல்யாணம் நின்றால் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. பொய் சொல்ல வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை. என் நோயையே சாட்சிக்கு அனுப்புகிறேன்.

ராகு போனபின் அவர்கள் மேலே வந்தார்கள். நான் தட்டோடு போய் நின்றபோது இரண்டு இமையும் முக்கால்வாசி மூடியிருந்தன. தலை முன்னால் சாய்ந்தது. கழுத்துத் தசையும் களைத்துப்போயிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் பாதங்களும். அவையும் இரட்டையாகத் தெரிந்தன.

"பேர் என்னம்மா?" என்று பங்கஜம் கேட்டார்.

"ச்சந்ந்ரிகா" என்று மூக்கிலிருந்து முனகலாக வந்தது.

"என்ன வேலை பண்றே?"

வாயைத் திறந்தேன். நாக்கு பாதியில் படுத்துக்கொண்டது.

"வெக்கப்படுது" என்றார் மாமா.

ஹரீஷ் ஏதோ ஜோக் சொன்னான். நான் சிரிக்கவில்லை, முடியவில்லை. முடிந்தது கதை, இனி எழுந்து ஓடுவார்கள் என்று காத்திருந்தேன்.

பங்கஜம் பக்கத்தில் வந்து என் முகவாயைத் தொட்டுத் தூக்கினார். "அரே, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! வந்ததுலேர்ந்து கண்ணைத் தூக்கி ஒருத்தரைப் பாக்கல. ஏக்தம் சாந்தம்! படிச்ச பொண்ணுங்க என்னா பேச்சு பேசுதுங்க. போன வாரம் தளேகாவ்ல ஒண்ணு பாத்தோம், ஹரீஷ் எவ்ளோ சமைப்பான்னு கேட்டா. பல்லைப் புடுங்கணும்."

"எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார் அருணாச்சலம், மூன்றாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டே.

என்னை எந்த நோய் கொல்லப் பார்க்கிறதோ அது எனக்கு மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்துவிட்டது.

மறுநாள் காலை, மாத்திரை முழு வேகத்தில் இருக்கும்போது, ஆபீசிலிருந்து ஹரீஷுக்குப் போன் செய்தேன். நான் சந்திரிகா என்றால் நம்பவில்லை. "யார், சொல்லுங்க? எந்தச் சந்திரிகா?" என்று மறுபடி மறுபடி கேட்டான். நோய், சுரப்பி, மாத்திரை, எலும்பை அறுப்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆபரேஷன் பண்ணா நீங்க எப்படி இருப்பீங்க?"

"இப்படி. இந்தக் குரல்ல. காலையில மட்டும் இல்ல, நாள் முழுக்க."

"ஐ மீன்... அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.

அவன் அம்மா கேட்டுக்கொண்டு அன்று மாலையே நேரில் வந்துவிட்டார், கையில் மல்லிகைப்பூவோடு. கோபமாக வரவில்லை. அதுதான் விசேஷம்.

"ஏன் சரசா, இத மறைக்கணுமா? உடம்புன்னா ஏதாவது இருக்கும். எனக்கு ஷுகர் இல்லியா? நாங்க வேண்டாங்கல." மாமாவுக்கு உயிர் வந்தது. பங்கஜம் எனக்குப் பூ வைத்துவிட்டார். தடுக்க எனக்குக் கை எழவில்லை. "ஆனா இந்த ஆபரேஷன் எதுக்கு? டாக்டர்ங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நெஞ்சை வெட்டிக் குணம் மாறிப்போச்சுன்னா? இப்ப எவ்ளோ லட்சணமா இருக்கா. அதான் மாத்திரை இருக்கே."

"மாத்திரை கொஞ்ச நேரந்தானுங்க கேக்குது" என்றாள் அம்மா.

"போதுமே. காலைல போட்டுக்கிட்டு ஆபீஸ் போகட்டும். வேலையை விடச் சொல்ல மாட்டோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்புறம் மாத்திரை எதுக்கு?"

அம்மா அவரையே பார்த்தாள். "காலைல சம்பளத்துக்கு வேணும். சாயங்காலம் வேண்டாம்."

"அதான் சொல்றேன்."

"ராத்திரி சோத்த எப்படிங்க முழுங்குவா? தொண்டை எறங்காதுங்களே."

"கஞ்சியாக் கரைச்சுக் குடுத்துட்டாப் போச்சு" என்றார் பங்கஜம். கெட்ட எண்ணமே இல்லை. நல்ல அரிசிக் கஞ்சிதான் கொடுத்திருப்பார்.

அம்மா எழுந்தாள். புடவையை இடுப்பில் செருகினாள். தறிக்கூடத்தில் மேஸ்திரியோடு சண்டைக்குப் போகும்போது அப்படித்தான் செருகுவாள். நான் சின்னதில் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க, இவ வாயி பேசிப் பேசித்தான் எங்க குடும்பம் தறிக்கூடத்த வுட்டு வெளிய வந்துச்சு. அடக்கமுன்னு யாரு சொன்னா உங்களுக்கு? நீங்க அன்னிக்குப் பொண்ணப் பாக்கலீங்க, சீக்கப் பாத்தீங்க. உங்களுக்குப் புடிச்சதும் அதுதான். நான் டாக்டர்கிட்டச் சொல்லி அத வெட்டியெடுத்து டப்பாவுல போட்டுக் குடுக்கச் சொல்றேன். நல்ல நாளாப் பாத்து வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. வாயத் தொறக்காது. கஞ்சிகூடக் கேக்காது."

"அக்கா..." என்றார் மாமா.

"நீ பேசாத. பின்னாடி பேனலு."

மறுநாள் அம்மா ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அதைப் பேனா ஓட்டை போடுகிற மாதிரி அழுத்திப் போட்டாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது வாயில் குழாய் இருந்தது. சில நாள் மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டது. அது எடுக்கப்பட்ட பிறகு இருமும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இருமல் ஒவ்வொன்றும் கம்பி போட்ட எலும்பை மறுபடி அறுத்தது. வெட்டியெடுத்ததைப் பார்த்தே தீருவேன் என்று அம்மா நின்று, அதைப் பரிசோதனைக்கு அனுப்புமுன் பார்த்துவிட்டு வந்தாள். "கோழிக் கொழுப்பாட்டம் இருக்குது. இதுக்கா இத்தன ஆட்டம்!"

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. இமை தொங்கியது, நாக்கு குழறியது. ஸ்டீராய்டு மாத்திரை வேறு சேர்ந்து முகம் தோசைக்கல் மாதிரி வட்டமானது. "இப்பத்தான் பூசினாப்ல லட்சணமா இருக்கே" என்று ஊரிலிருந்து வந்த பெரியம்மா சொன்னாள். மாமா பெருமூச்சு விட்டு, "மெஷினைத் தொறந்தும் அப்படியேதான் ஓடுது" என்றார். ஒன்றுமே ஆகாதவர்களும் உண்டு என்று ஆப்டே சொன்னது ஒவ்வொரு சாயங்காலமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா மட்டும் ஊருக்குத் திரும்பிப் போகாமல், மாலையானால் என் கண்ணைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் ஆப்டே மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஆபீசில் புது அப்ரைசல் வந்தது. என் நடத்தை மறுபடி பழையபடி ஆகிவிட்டதாக மேனேஜர் எழுதியிருந்தார். நான் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் தினம் ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

2004இல் மாமா இன்னொரு மாப்பிள்ளையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். இந்த முறை கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் வந்தது விளக்கேற்றும் நேரம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழே சுரிதாருக்கு மேல் தழும்பின் நுனி தெரிந்தது. அது என்ன என்று பையனின் அப்பா கேட்டார். சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ராகுகாலம், பார்க்கிங், கஞ்சி எதையும் விடவில்லை. சமைக்கத் தெரியுமா என்று பையனின் அம்மா கேட்டார். தெரியும் என்று சொல்லி, அவருடைய பையனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பையன் சம்பளத்தைச் சொன்னான், என்னுடையதைச் சொன்னேன். காபி ஆறியது.

அவர்களை வழியனுப்பக் கீழே போன மாமா, படியேறி வந்தார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"வேண்டாங்கறாங்க. பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியாம்."

"தழும்பப் பத்தி?" என்று கேட்டேன்.

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. வாய்தான்."

அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் தாடையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணைப் பார்த்தாள்.

"மாத்திரை எப்பப் போட்ட?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "காலையில."

"அதுக்கப்பறம்?"

"இல்ல."

"குழறவே இல்லியே புள்ள. அத்தன பேச்சு பேசினே, ஒரு எடத்துலகூடக் குழறல." அவள் குரல்தான் குழறியது. சட்டென்று எழுந்தாள். "அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போடு."

"எதுக்கு?"

"போடுன்னா போடு."

போட்டேன். அம்மா ரிசீவரைப் பிடுங்கி, சாங்வி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக் கற்ற இந்தி முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தாள். "டாக்டரம்மா! சந்திரிகா மா போல்தா! லட்கா நஹி போலா! முஹ் ஜாஸ்தி போலா! ஷாம் கோ! கோலி நஹி!"

மாப்பிள்ளை வேண்டாம் என்றான், வாய் ஜாஸ்தியாம், சாயங்காலம், மாத்திரை இல்லாமல். அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "சிரிக்கறாங்க புள்ள. ரொம்பச் சிரிக்கறாங்க" என்றாள்.

மாமா ஒன்றும் புரியாமல் மிச்சமிருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே பழைய சரசாவானாள்.

"சரி, இனிமே வர்றவங்ககிட்டயாவது கொஞ்சம் கொறச்சுப் பேசு."

நான் பதில் சொன்னேன். அதை முடிக்க வெகுநேரம் ஆயிற்று.